பாய் இழைக்கும் கைகள்

பாயில்லாத வீடு எமது கிழக்குக் கரையில் ஒரு காலத்தில் இருந்ததில்லை. பிள்ளை பிறந்தால் பாய் வேண்டும். கலியாணம் என்றால் புதுப்பாய் வேண்டும். நெல்லைக் காயவைக்கவும், மாவை உலர்த்தவும், படிக்கும் பிள்ளை குப்புறப் படுத்துப் பாடம் ஒப்பிக்கவும் பாயே வேண்டும். விருந்தினர் படலையைத் திறக்கும் ஓசை கேட்டவுடனேயே உள்ளிருந்து ஒரு கை பாயை உதறி விரித்துவிடும். முஸ்லிம் வீடுகளிலே தொழுவதற்கும், சவனைச் சுற்றியமர்ந்து உண்ணுவதற்கும் அது இன்றியமையாதது. தமிழர் வீடுகளிலே பந்திக்கும் பூசைக்கும் அவ்வாறே. ஈற்றில் மனிதனைக் கிடத்துவதும் பாயிலேதான். இத்தனை காரியங்களுக்கும் உதவிய இந்தப் பொருளை இழைத்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். “பெண்டுகள்தான்” என்ற ஒரே சொல்லோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தப் பேச்சைச் சற்று நீட்டிப் பார்க்கலாம் என்பதே எமது எண்ணம்.

பெரியநீலாவணை, கல்முனைக்கு வடக்கே, அம்பாறை மாவட்டம் முடிந்து மட்டக்களப்பு மாவட்டம் தொடங்கும் எல்லையருகே கிடக்கின்றது. கிழக்கே கடல், மேற்கே வயலும் வாவியும். தெற்கே நடந்தால் மருதமுனை. அது கைத்தறிக்குப் பெயர்பெற்ற முஸ்லிம் ஊர். கவிஞர் நீலாவணனை மாணவர்கள் அறிந்திருப்பர். சின்னத்துரை என்ற தம் இயற்பெயரை விடுத்து, பிறந்த ஊரின் பெயரையே புனைபெயராகப் பூண்டவர் அவர். 1975இல் அவர் மறைந்தபின் நூலாக வெளிவந்த ‘வேளாண்மை’ என்னும் காவியம் இக்கரை உழவரின் வாழ்வைப் பாடுவது. நெல்லுக்கு ஒரு காவியம் கிடைத்துவிட்டது. நெல் காய்ந்த பாய்க்கு அப்படியொன்றை நாம் இதுவரை கண்டதில்லை.

பன் என்பது சதுப்பிலும் குளக்கரையிலும் வயலோரத்து நீரிலும் வளரும் கோரை இனத்துப் புல். தமிழ்நாட்டார் கோரைப்பாய் என்பதுபோல நாம் பன்பாய் என்கின்றோம். சிங்களத்திலும் அதற்குப் பன் என்றே பெயர். முழங்காலளவு நீரில் நின்று அதனை அடியோடு அறுத்து, கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து, தடித்த தண்டுகளைக் கீறி, முற்றத்திலே பரப்பிக் காயவிட வேண்டும். மழை இருட்டுகின்றதா என்று வானத்தையும், கோழி கிளறுகின்றதா என்று முற்றத்தையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பச்சை மங்கி வெளிறிய பின்னர் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்துச் சாயப்பானையில் இட்டு அவித்தெடுப்பார்கள். முன்னாளில் மரப்பட்டையும் வேரும் தந்த சிவப்பை இக்காலத்தில் கடையில் விற்கும் சாயத்தூள் தருகின்றது. பச்சையும் ஊதாவும் அதோடு சேர்ந்து வந்தன. சாயம் தோய்ந்த பன் மறுபடியும் காய வேண்டும்.

பாய் இழைப்பவளுக்குத் தறி என்று ஒன்று கிடையாது. நிலத்திலே குந்தி, இரு கைகளாலும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பன்னை ஏற்றி இறக்கி, இழைத்த பகுதியின்மேலேயே தான் அமர்ந்து முன்னே நகர்கின்றாள். அவள் உடலின் பாரமே பாயை நிலத்தோடு பிடித்துவைக்கும். காய்ந்த பன் வெடித்துவிடும் என்பதால் நீர் தெளித்துப் பதமாக்கி, வெயில் ஏறுமுன் விடியலிலும், வெயில் தாழ்ந்த பின்னர் மாலையிலும் இழைப்பதே வழக்கம். இடைப்பட்ட நேரம் ஓய்வு என்று எண்ணிவிட வேண்டாம். அது அடுப்புக்கும் கிணற்றுக்கும் பிள்ளைக்கும் உரியது. பாயின் நடுவிலே வைரக்கட்டங்களும் ஓரத்திலே படிக்கட்டு வரிகளும் வருவதற்கு எத்தனை பன்னை விட்டு எத்தனையாவதைத் தூக்க வேண்டும் என்ற கணக்கு எந்தத் தாளிலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத பெண் அதை மனத்திலே வைத்திருக்கின்றாள். கணிதம் கற்பிக்கும் எம்மால் அந்தக் கணக்கை அவளது வேகத்தில் தொடர முடியவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தமிழ்ப் பெண்களின் கையிலே இதற்கு இணையாக இருந்தது கிடுகு. தென்னை ஓலையை நீரில் ஊறவைத்துப் பாதியாகக் கிழித்துப் பின்னும் கிடுகு, வீட்டுக்குக் கூரை, வளவுக்கு வேலி. தெருவில் போகிறவர் கண்ணில் வீட்டுப் பெண்கள் படலாகாது என்று எழுப்பப்பட்ட வேலியை, அந்தப் பெண்களே உள்ளிருந்து பின்னிக் கொடுத்தார்கள். ஓரிரு ஆண்டிலே உக்கிப் போகும் வேலியை மறுபடியும் பின்னினார்கள். தகரமும் சீமெந்துக்கல் மதிலும் வந்த பின்னர் அந்த வேலை குறைந்துவிட்டது. மதிலைக் கட்டுகின்ற மேசனுக்கு நாட்கூலி உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், உதவிப் பணம் ஒன்றுக்கான படிவத்தை நிரப்பிக் கொடுக்கும்படி ஒரு முஸ்லிம் வீட்டார் எம்மை அழைத்திருந்தனர். திண்ணையிலே நடுப்பாயில் இருந்த மூதாட்டியிடம் பெயர், வயது எல்லாம் கேட்டு எழுதியபின், தொழில் என்ற கூட்டுக்கு வந்தோம்.

“உம்மா, உங்கட தொழில் என்ன எண்டு போடுற?”

“எனக்கென்ன தொழில் டீச்சர்! சும்மாதான் ஊட்ட இரிக்கன்” என்றார் அவர்.

இதைச் சொல்லும்போது அவர் கைகள் ஒரு கணமும் நிற்கவில்லை. பன் ஏறியிறங்கும் சரசரப்பு ஓசைக்கு நடுவிலேதான் அந்தச் ‘சும்மா’ எமது காதில் விழுந்தது. சும்மா இருத்தல் என்பது சித்தர்களும் ஞானியரும் எய்த விரும்பிய பெருநிலை என்று படித்திருக்கின்றோம். எமது ஊர்ப் பெண்கள் அதனை வெகு எளிதாக எய்திவிட்டார்கள்! விடியற்காலையில் எழுந்து பன் நனைப்பவளும் சும்மா இருக்கின்றாள். நள்ளிரவில் விளக்கைத் தாழ்த்திவிட்டுத் தார் சுற்றுபவளும் சும்மா இருக்கின்றாள்.

படிவத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, அவரோடு அமர்ந்து கணக்குப் பார்த்தோம். பன் வாங்கிய காசு, சாயம், விறகு. இவற்றைப் பாயின் விலையிலிருந்து கழித்தோம். எஞ்சியதை அறுத்த நாள், காய்ந்த நாள், சாயமிட்ட நாள், இழைத்த நாட்கள் என்று வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒரு தேங்காயின் விலையும் தேறவில்லை. எமக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவரோ வாய்விட்டுச் சிரித்தார்.

“கணக்குப் பார்த்தா பாய் இழைக்க ஏலாது டீச்சர்.”

தொழிற்கூட்டிலே ‘பாய் இழைத்தல்’ என்றே எழுதினோம். பின்னர் அந்தப் படிவம் போய்ச் சேர்ந்த இடத்தில் அதனை வெட்டிவிட்டு ‘இல்லை’ என்று திருத்தியதாகக் கேள்விப்பட்டோம். மாதவருமானம் இவ்வளவு என்று சொல்ல முடியாதது தொழிலாகாதாம்.

நாட்டின் பெருங்கணக்கிலும் இதே கதைதான். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் தொழிற்படை அளவீட்டின் விதி மிக நியாயமானது. குறித்த வாரத்தில் ஒரு மணித்தியாலமேனும் கூலிக்கோ இலாபத்துக்கோ உழைத்தவர், அல்லது குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவியவர், தொழில் உடையவரே. ஆயினும் அண்மைக் காலத்து அளவீடுகளிலே, பதினைந்து வயதைக் கடந்த இலங்கைப் பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே தொழிற்படையில் இருப்பதாகக் காண்கின்றோம். ஏனையோரில் பெரும்பாலோர் ‘வீட்டு வேலை’ என்ற காரணத்தால் செயற்பாடற்றவராக எழுதப்பட்டவர்கள். விதி என்னவோ சரிதான். கேள்வி கேட்கும் உத்தியோகத்தருக்கு அந்த வீட்டில் கிடைக்கும் விடை ‘சும்மா’ என்பதாக இருந்தால் விதி என்ன செய்யும்? அதுவும், விடை சொல்பவர் பெரும்பாலும் படலையடியில் நிற்கும் வீட்டு ஆண்மகன்.

இனி மருதமுனைக்கு வருவோம். இங்குள்ள கதை சற்று வேறு. கைத்தறி என்றால் அது ஊரறிந்த தொழில்; அதற்கு முதலாளிமார் உண்டு, சங்கங்கள் உண்டு, பெயர் உண்டு. மருதமுனைச் சாரனும் சேலையும் படுக்கை விரிப்பும் நாடெங்கும் போயின. துணி இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு இருந்த 1970 முதல் 1977 வரையான காலத்திலே உள்ளூர்த் தறிக்கு நல்ல கிராக்கி. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து இறக்குமதித் துணி மலிந்தபோது நாடெங்கும் கைத்தறி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வேலையிழந்தவர்களில் பெரும் பகுதியினர் பெண்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது இலங்கையில் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனையும் பெரியநீலாவணையும் அந்தப் பட்டியலில் அடங்கும். அன்று தறிகளும் போயின. தறியோடு பாவும் நூலும் போயின. 2022இன் பொருளாதார நெருக்கடியிலே நூலும் சாயமும் விலையேறியது நேற்று நடந்த சேதி.

இவ்வளவையும் எழுதுகிறவர்கள் ‘நெசவாளர்’ என்று எழுதும்போது மனக்கண்ணில் காண்பது தறியில் அமர்ந்து நாடாவை ஓட்டும் ஒருவரை. ஆனால் தறி தானாக ஓடுவதில்லை. கழியாக வந்த நூலுக்குச் சாயமிட வேண்டும், கஞ்சியிட வேண்டும், உலர்த்த வேண்டும், சிக்கெடுத்து ராட்டினத்தில் ஏற்ற வேண்டும், நாடாவுக்குள் பொருந்தும் தாரிலே சுற்ற வேண்டும், பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விழுதிலும் அச்சிலும் கோக்க வேண்டும். இந்த வேலைகளில் பல தறியிலிருந்து நாலடி தள்ளி, வீட்டின் உட்புறத்திலே மனைவியும் மகளும் உம்மும்மாவும் செய்பவை. தார் தீர்ந்தால் தறி நிற்கும். ஆயினும் தறியில் இருப்பவர் நெசவாளர்; தார் சுற்றுபவர் ‘கைக்கு உதவி’. இன்று பெண்கள் தாமே தறியில் அமர்வது சாதாரணமாகிவிட்டது. நூலைக் கொடுத்து, அடையாளம் சொல்லி, துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவது மட்டும் பெரும்பாலும் அவளோடு அல்ல.

வெளியூர் வாசகர்களுக்கு விளக்க வேண்டிய ஒரு விந்தை இங்கே உண்டு. யாழ்ப்பாணத்தவரோ தமிழ்நாட்டவரோ எமது ஊருக்கு வந்தால் முதலில் வியப்பது, வீடு பெண்ணுடையது என்பதைக் கண்டுதான். மட்டக்களப்புத் தொட்டு அக்கரைப்பற்று வரை, தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் தாய்வழிக் குடிமுறை இருந்து வருகின்றது. பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது. மகளுக்குக் கலியாணம் என்றால் வீடும் வளவும் அவள் பெயருக்கு எழுதப்படும். மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்கு வந்து சேர்வார். பெற்றோர் பக்கத்திலே ஒரு சிறு வீட்டைப் போட்டுக்கொண்டு, அடுத்த மகளுக்கு அடுத்த வீட்டைக் கட்டத் தொடங்குவர். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே பல்லாண்டுகள் அக்கரைப்பற்றிலே ஆய்வு செய்து, 2008இல் வெளியிட்ட பெருநூலில் இம்முறையை விரித்து எழுதியிருக்கின்றார்.

ஆக, உறுதி பெண்ணின் பெயரில், வீடு அவளுடையது. தறி அவளுடைய வீட்டில் இருக்கின்றது. பன் அவளுடைய முற்றத்தில் காய்கின்றது. அந்த வீட்டுக்குள்ளே நடக்கும் தொழில் மட்டும் அவளுடையதல்ல! பெண்ணுக்குச் சொத்து இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேடைகளிலே பேசுவோர், ஒருமுறை எமது கரைக்கு வந்து இதைப் பார்த்துப் போகலாம். சொத்துரிமை பெரிய காரியம். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. கணவனால் துரத்தப்பட்டுத் தெருவில் நிற்கும் நிலை எமது பெண்களுக்கு எளிதில் வராததற்கு அந்த உறுதியே காரணம். ஆயினும் உறுதிக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் இடையே நீண்ட தூரம் இருக்கின்றது.

அந்த வீடு எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும். குமர்க்காரியம் என்று எமது முஸ்லிம் சகோதரர்கள் சொல்லும் பாரம், தமிழர் வீட்டிலும் இருக்கும் அதே பாரந்தான். மூன்று பெண் மக்களைப் பெற்றவள் மூன்று வீடு கட்ட வேண்டும். தந்தையின் வயலும் தோணியும் கடையும் கல்லுக்கும் கூரைக்கும் போகும். பாய் விற்ற காசு, கிடுகு விற்ற காசு, தார் சுற்றிய காசு, சீட்டிலே சேர்ந்து சேர்ந்து கதவாகவும் சன்னலாகவும் காப்பாகவும் மாறும். அயல்வீட்டுத் தாயொருத்தி, மகளின் வீட்டுச் சன்னல்களைக் காட்டி, “இந்த ரெண்டும் என்ட பாய்” என்றாள். சன்னலைப் பாய் என்று சொன்ன முதல் மனிதர் அவராகத்தான் இருக்கவேண்டும். உள்ளூரில் உழைத்துப் போதாதபோது, மத்திய கிழக்கிலே வீட்டுப் பணிப்பெண்ணாகப் போய் வீடு கட்டியவர்களும் எமது ஊர்களில் நிறைய உண்டு.

விலை ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கின்றது? வாங்குவோர் இல்லை, பிளாஸ்டிக் பாய் மலிந்துவிட்டது என்பது ஒரு காரணந்தான். பிளாஸ்டிக் வருமுன்பும் விலை உயர்ந்து இருந்ததில்லை என்று முதியவர்கள் சொல்லுகின்றனர். எமக்குத் தோன்றுவது வேறொன்று. இழைப்பவள் கடைத்தெருவுக்குப் போவதில்லை. போவது மரியாதையாகக் கொள்ளப்படவில்லை. கல்முனைச் சந்தையில் பாய் என்ன விலைக்குப் போகின்றது என்பது அவளுக்குத் தெரியாது. தரகர் படலைக்கு வருவார். கதவுத் திரைக்கு உள்ளிருந்து அவள் ஒரு விலை சொல்வாள். வெளியிலிருந்து அவர் ஒரு விலை சொல்வார். அவருக்கு இன்னும் பத்துப் படலைகள் உண்டு. அவளுக்கு வேறு தரகர் இல்லை. வயல் வெட்டப் போகும் ஏழைப்பெண் அன்று மாலையே கூலியைக் கையிலே வாங்குகின்றாள். குறைந்தால் வாய்திறந்து கேட்கின்றாள். வீட்டுக்குள்ளிருந்து இழைப்பவள் அவளைவிடக் குறையச் சம்பாதித்து, அவளைவிடக் கௌரவமானவள் என்று பெயர் வாங்குகின்றாள்.

இது எமது ஊரின் தனிக்கதை அன்று. ஆந்திராவிலே கோதாவரி நதி முகத்துவாரத்தருகே நரசாப்பூர் என்ற ஊர்ப்பக்கத்துப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே லேஸ் பின்னுபவர்கள்; கிறித்தவப் பாதிரிமார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கற்றுக்கொடுத்த கைவேலை அது. அவர்களிடையே இருந்து ஆராய்ந்த மரியா மீஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 1982இல் ஒரு நூல் எழுதினார். லேஸ் கடல் கடந்து போய் அந்நியச் செலாவணி ஈட்டுகின்றது. ஏற்றுமதி செய்யும் ஆண்கள் செல்வராகின்றனர். பின்னும் பெண்ணோ, ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கின்ற இல்லத்தரசி என்றே கருதப்படுகின்றாள் என்று அதிலே எடுத்துக்காட்டினார். வயலில் கூலி வேலை செய்யும் பெண்களே அவர்களைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்பதும் அவர் கண்டது. ஆயினும் வெளியே போகாதது பெருமை என்று லேஸ் பின்னுவோர் எண்ணினர். கோதாவரியும் மட்டக்களப்பு வாவியும் எங்கே! கதவுத்திரை மட்டும் ஒன்றாகவே இருக்கின்றது.

பாயைப் பற்றியே சொல்வதானால் திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடையைச் சொல்லாமல் விட முடியாது. தாமிரபருணிக் கரைக் கோரையிலே லெப்பை முஸ்லிம் குடும்பத்தார் நெய்யும் பாய் அது. பட்டுத்துணி போல மடிக்கத்தக்க நுண்பாய். 1953இல் இங்கிலாந்தில் இரண்டாம் எலிசபெத் முடிசூடியபோது பத்தமடைப் பாயொன்று பரிசாகப் போயிற்று என்று அவ்வூரார் பெருமையோடு கூறுவர். ஊரின் பெயர் கடல் கடந்து அரண்மனை வரை போனது. பரிசு பெற்ற அரசியின் பெயர் உலகறியும். அதை நெய்த விரல்களுக்குரியவர் பெயரைப் பெருங்கதையிலே நாம் தேடினால் கிடைப்பதில்லை.

வீட்டுத் தொழிலாளர் தொழிலாளரே என்று உலகம் ஒப்புக்கொள்ள நெடுநாள் பிடித்தது. அகமதாபாத்திலே 1972இல் எலா பட் அம்மையார், தெருவில் விற்போர், சுமை தூக்குவோர், வீட்டிலிருந்து உழைப்போர் ஆகிய பெண்களைக் கூட்டிச் ‘சேவா’ என்ற சங்கத்தைப் பதிவு செய்யப்போனார். உங்களுக்கு முதலாளி யார், யாரை எதிர்த்துச் சங்கம் என்று அதிகாரிகள் கேட்டுத் தடுத்தனர். சங்கம் ஒருவரை எதிர்ப்பதற்கு மாத்திரமா, உழைப்போர் தம்முள் ஒன்றுசேர்வதற்கும் அல்லவா என்று வாதாடி அவர் அதனைப் பதிவு செய்வித்தார். 1974இலே நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபா இட்டுத் தமக்கென ஒரு வங்கியையும் தொடங்கினர். எமது ஊர்ச் சீட்டும் பத்துப் பத்தாகச் சேர்ந்ததுதான். ஆனால் அது எமக்குக் கதவும் சன்னலுமாகவே முடிந்தது.

1996இல் சர்வதேசத் தொழிலாளர் தாபனம், வீட்டிலிருந்து செய்யும் வேலை பற்றிய 177ஆம் இலக்க உடன்படிக்கையை நிறைவேற்றியது. வீட்டிலிருந்து உழைப்பவருக்கும் ஏனைய கூலித் தொழிலாளருக்குரிய சமநடத்தை வேண்டும் என்பதும், தொழிற் புள்ளிவிபரங்களில் இயன்றளவு இவ்வேலையும் சேர்க்கப்பட வேண்டும் என்பதும் அதன் விதிகள். ஏற்று உறுதி செய்த நாடுகள் மிகச் சிலவே. இலங்கையும் இந்தியாவும் அவற்றுள் இல்லை. ஏற்றிருந்தாலும் எமது மூதாட்டிக்கு அது எவ்வளவு உதவும் என்பதிலே எமக்கு ஐயம் உண்டு. முதலாளி கொடுத்த நூலைச் சுற்றித் துண்டுக்குக் கூலி பெறும் மருதமுனைப் பெண் அதன் வரைவிலக்கணத்துக்குள் வந்துவிடுவாள். தன் காசில் பன் வாங்கித் தானே இழைத்து விற்பவளோ ‘சுயதொழில் செய்பவள்’ ஆகி, வரம்புக்கு வெளியே நின்றுவிடுவாள். எங்கள் நாட்டிலே 1941இலிருந்து இருந்து வரும் சம்பளச் சபைச் சட்டமும் எசமான் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டே பேசுவது.

அவளைத் தொழில் செய்பவள் என்று தயங்காமல் ஒப்புக்கொள்கிறவர் ஒருவர் உண்டு. அவர் நுண்கடன் கொடுக்க மோட்டார் சைக்கிளில் வருகின்றவர். அவருடைய படிவத்திலே மட்டும் ‘தொழில்: பாய் இழைத்தல்’ என்பது எவராலும் வெட்டப்படுவதில்லை.

இப்படியெல்லாம் எழுதும்போது பன்பாயைக் காப்பாற்றுங்கள் என்று நாம் கூக்குரலிடப் போகின்றோம் என்று மாணவர்கள் எதிர்பார்க்கலாம். அவ்வளவு எளிதாக அதைச் சொல்ல மனம் வரவில்லை. எமது வகுப்பிலே இருந்து ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போன பெண்பிள்ளைகள் பலர். அவர்களிலே ஒருத்தியிடம், உம்மாவிடமிருந்து பாய் இழைக்கக் கற்றாயா என்று கேட்டோம். “உம்மா கிட்ட வரவும் விடமாட்டா டீச்சர், போய்ப் படி எண்டுதான் கத்துவா” என்றாள். முதுகு கூனி, விரல் வெடித்து, அந்தப் பணத்தில் மகளுக்குத் தனிவகுப்புக் காசு கட்டிய தாய், அந்த வேலையை மகள் கையில் கொடுக்க விரும்பவில்லை. கலை அழிகின்றதே என்று கண்காட்சி மண்டபத்திலே நின்று வருந்துகின்றவர்கள் அந்தத் தாயிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? அவள் கேட்கும் மறுகேள்விக்கு எம்மிடம் விடையில்லை. வைரக்கட்டத்துக்கு எத்தனை பன் விட்டு எத்தனையாவதைத் தூக்குவது என்ற அந்தக் கணக்கு அவளோடு போய்விடுமே என்ற துயரமும் எமக்கு உண்டு. இரண்டையும் ஒருசேரச் சுமந்துகொண்டுதான் இதை எழுதுகின்றோம்.

அந்த மாணவி விடுமுறையில் வந்திருந்தபோது செய்த காரியம் ஒன்று உண்டு. ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்து, உம்மா இழைக்கும் நாட்களை நாள்தோறும் குறித்து வைத்தாள்: காலையில் எத்தனை மணித்தியாலம், மாலையில் எத்தனை, பன்னுக்கு எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு. முதலில் உம்மா சிரித்தாராம். பிறகு அயலில் உள்ளவர்களும் தங்கள் கணக்கைச் சொல்ல வந்துவிட்டார்கள். ஐந்து வீட்டுக் கணக்கு ஒரே கொப்பியில் சேர்ந்தது. அடுத்த முறை தரகர் படலைக்கு வந்தபோது, திரைக்குப் பின்னாலிருந்து ஐந்து வீட்டிலும் ஒரே விலை சொல்லப்பட்டது. அவர் அன்று வாங்காமலே போய்விட்டார். மறுவாரம் வந்து, சொன்ன விலையில் சிறிது குறைத்து வாங்கிக்கொண்டார்.

நோன்பு மாதத்துக்கு முன் பாய்க்குச் சற்றுக் கிராக்கி உண்டு. இம்முறை அந்த ஐவரும் தரகரை விட்டுவிட்டு, ஒரு முச்சக்கர வண்டியிலே பாய்களை ஏற்றி நேரே கல்முனைக்கு அனுப்பியிருக்கின்றார்கள். இருவர் கூடவே போயும் வந்தார்களாம். சந்தையில் விலையைத் தம் காதாலேயே கேட்டார்களாம். வண்டி, ஐவரில் ஒருவரின் மருமகனுடையது. அப்பியாசக் கொப்பி நிறைந்துவிட்டதால் அவர் புதிதாக ஒரு கணக்குப் புத்தகம் வாங்கி வந்திருக்கின்றார். அதன் முதற்பக்கத்தில் அவருடைய பெயரே எழுதப்பட்டிருக்கின்றது. விடுமுறை முடிந்து ஒலுவிலுக்குத் திரும்பிப்போன பிள்ளை இதைத் தொலைபேசியில் கேள்விப்பட்டு, வரும் வெள்ளிக்கிழமை ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கின்றாள்.